சீனாவின் நவீன இசைநாடகங்களில் பெண்கள்: ஓர் ஐயம்

கேள்வி (கோபிசெட்டிபாளையம் வாசகி):
அனைவருக்கும் வணக்கம். சீனப் பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் (1966-1976) அரசு முன்மாதிரியாக முன்வைத்த இசைநாடகங்களையும் பாலேக்களையும், அதாவது ‘மாதிரி நாடகங்களை’, ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். நாயகியர் துணிவும் அறிவும் மிக்கவர்கள். ஆனால் நான் பார்த்தவரையில் எவருடைய கணவனும் மேடைக்கு வருவதில்லை. ‘அசேலியா மலை’ நாயகி கே சியாங்கின் கணவர், அவள் மேடைக்கு வருமுன்பே கொல்லப்பட்டுவிடுகிறார். இதைப் பெண் விடுதலை என்று கொள்ளலாமா?

பதில் (ஈரோடு):
தாங்கள் கவனித்தது சரியே. ‘ஷாஜியாபாங்’ என்னும் மாதிரி நாடகத்தில், கம்யூனிஸ்டுகளுக்கு இரகசியமாக உதவும் தேநீர்க் கடைக்காரியின் பெயர் ஆச்சிங் ஸாவ், ‘ஸாவ்’ என்பது அண்ணன் மனைவியைக் குறிக்கும் சொல், நம் பக்கத்தில் நங்கையா என்போமே, அதுதான். ஆக, கணவன் பெயராலேயே அழைக்கப்படுகிறாள். அவனோ வியாபாரத்துக்காக ஷாங்காய் போனவன், கடைசிவரை தலைகாட்டுவதில்லை. இப்போது எதிரணியில் இருக்கும் படைத் தளபதி ஹு சுவான்குயியை முன்பொரு நாள் அவள் தண்ணீர்த் தாழிக்குள் ஒளித்து ஜப்பானியரிடமிருந்து காத்ததை வைத்து, ஹுவின் ஆலோசகன் அவளைச் சந்தேகித்துத் துருவித் துருவிக் கேட்கும்போது, ஆள் எழுந்து போனால் தேநீரும் ஆறிப்போகும் என்று பாடியபடி எஞ்சிய தேநீரைச் சட்டென்று வீசிக் கொட்டுகிறாள். அந்த ஒரு வீச்சுக்காகவே நாடகத்தைப் பார்க்கலாம். ஆயினும் 1964இல் சீனத் தலைவர் மாவோ இதைக் கண்டு, ஆயுதப் போராட்டத்துக்கே முதன்மை தரச் சொன்னபின், அவளை விடக் கம்யூனிஸ்ட் படைத் தலைவன் குவோ ஜியான்குவாங் முன்னுக்கு வந்தான்.

பதில் (தாராபுரம்):
ஈரோட்டு நண்பர் சொல்வதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 1945இல் கம்யூனிஸ்டுகளின் தளமான யெனானில் அரங்கேறிய ‘வெண்கூந்தல் பெண்’ இசைநாடகத்தில் நிலக்கிழார் நாயகி ஸியரைக் கெடுக்க, அவள் குழந்தையும் பெறுகிறாள். 1965இன் ஷாங்காய் பாலேயில் அவள் அவனை எதிர்த்துத் தப்பி மலையேறுகிறாள். மானம் காக்கப்பட்டது என்று சிலர் மகிழ்வார்கள். ஆனால் அவள் பட்ட துயரத்தையே அழித்தால்தான் அவளை வீராங்கனையாக்க முடியும் என்பது எனக்கு உவப்பாயில்லை. தந்தை கடனுக்கு நடுவிலும் வாங்கிவந்து கூந்தலில் கட்டிவிடும் சிவப்புக் கயிறு இரண்டிலும் உண்டு.

பதில் (காங்கேயம்):
பாத்திரத்தோடு, வேடம் கட்டுபவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும் அம்மா. 1961இல் மறைந்த பீக்கிங் இசைநாடக நடிகர் மெய் லான்ஃபாங் ஆணாக இருந்தே பெண் வேடத்தில் உலகப் புகழ் பெற்றவர். மாதிரி நாடகங்களிலோ பெண்களே பெண்களாக நடித்தார்கள், அந்த மாற்றம் சிறிதன்று. நம் கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையில் படுகளத்தில் மாண்ட அண்ணன்மாரை எழுப்புபவள் தங்காள்தான். எங்கள் ஊரில் இன்னும் அவ்வேடத்தை ஓர் ஆண்தான் கட்டுகிறார். கொண்டை முடிய மட்டும் தம் மனைவியைக் கூப்பிடுவார்.