கால் சுருண்ட டரான்டுலாவுக்கு ஈரத்துணி டப்பாவா, தண்ணீர்க் கிண்ணமா?

எட்டுக்கால்:
கால் சுருண்டு கிடக்கும் டரான்டுலா சிலந்தியை ஈரத்துணி விரித்த டப்பாவில் போட்டு மூடினால் எழுந்து நடக்குமாம். இன்றைக்கும் ஒருவர் எழுதியிருக்கிறார். எத்தனை முறைதான் சொல்வது? சிலந்தி வாயால்தான் தண்ணீர் குடிக்கும். தோலால் உறிஞ்ச அது தவளை இல்லை. ஆழமில்லாத கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, வாய் நனைகிற மாதிரி முன்பக்கத்தை மட்டும் சாய்த்து வையுங்கள். வயிறு வெளியே இருக்கட்டும். மூச்சுவிடும் புத்தக நுரையீரல் வயிற்றின் அடியில்தான் இருக்கிறது.

கரும்பட்டு:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். என் சிலி ரோஸ் வகை டரான்டுலா டப்பாவில் வைத்த பிறகுதான் எழுந்தது, கண்ணால் பார்த்தேன். நுரையீரல் வழியாகவும் நீர் ஆவியாகிறது அல்லவா? சுற்றிலும் ஈரக்காற்று இருந்தால் அந்த இழப்பாவது குறையும்.

எட்டுக்கால்:
எழுந்தது என்றால் துணியில் தேங்கிய நீரைக் குடித்திருக்கும். அப்போதும் காப்பாற்றியது தண்ணீர்தான், டப்பா இல்லை. கால் ஏன் சுருள்கிறது என்று முதலில் பாருங்கள். மடக்குவதற்குத் தசை உண்டு. முக்கியமான மூட்டுகளை நீட்டுவதற்குத் தசை கிடையாது. உடல் திரவத்தை அழுத்தித்தான் காலை நீட்டுகிறது. நீர் வற்றினால் அழுத்தம் போச்சு, எட்டுக் கால்களும் உடம்புக்கு அடியில் மடங்கிவிடும். உள்ளே தண்ணீர் போக வேண்டும் ஐயா, வெளியே இல்லை!

புதுவரவு:
அண்ணா, என்னுடையது மல்லாக்கக் கிடக்கிறது. டப்பாவா, கிண்ணமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

வலைக்காரி:
இரண்டும் வேண்டாம் தம்பி, தொடவே தொடாதீர்கள்! அது தோலுரிக்கப் படுத்திருக்கிறது. உள்ளே சுவர்க்கோழி இருந்தால் மட்டும் மெதுவாக எடுத்துவிடுங்கள்; அசையாமல் கிடக்கும் சிலந்தியை அது கடித்துக் குதறும். உரித்த பிறகு நச்சுப்பல் வெள்ளையாக இருக்கும். கறுக்கும் வரை தீனி போடாதீர்கள்.

எட்டுக்கால்:
அதைச் சரியாகச் சொன்னீர்கள். ஆனால் கிண்ணத்தில் பஞ்சு போடச் சொன்னவரும் நீங்கள்தானே? அழுகிக் கிருமி சேரும் பஞ்சு.

வலைக்காரி:
நான் சொன்னது கூழாங்கல். பழைய பதிவைப் படித்துவிட்டு வாருங்கள்.

எட்டுக்கால்:
படித்தேன். பஞ்சு என்றுதான் இருக்கிறது.

வலைக்காரி:
அது இன்னொருவர் எழுதியது, நான் மறுத்தது! யார் எழுதினாலும் என் தலையில் கட்டுவதே உங்களுக்கு வேலை.

கரும்பட்டு:
இவர் எப்போதும் இப்படித்தான். போன தடவை என் ஆண் சிலந்தி சோர்ந்தபோதும் கிண்ணம், கிண்ணம் என்றே ஓதினார். முன்னங்காலில் கொக்கி வந்த முதிர்ந்த ஆண் அது. கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு ஆணுக்கு ஆயுள் கொஞ்சம்தான். பெண் இருபது வருடம்கூட வாழும், ஆண் வாழாது. அதற்கும் கிண்ணம்தான் மருந்தா?

எட்டுக்கால்:
கிழடானாலும் தாகம் தாகம்தான். கிண்ணம் வைத்ததில் என்ன கெட்டுப்போயிற்று? உங்கள் டப்பாவில்தான் காற்றோட்டமே இல்லை.

கரும்பட்டு:
மூடியில் ஓட்டை போட்டிருக்கிறேன் என்று அப்போதே எழுதினேன். படிப்பதே இல்லையா?

புதுவரவு:
முதுகு ஓடு மூடி மாதிரி திறந்துவிட்டது! கால்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில்கூடப் போகவில்லை.

வலைக்காரி:
அப்படியே விடுங்கள் தம்பி. வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள்.

எட்டுக்கால்:
உரித்து முடித்ததும் தண்ணீர் தேடும். தண்ணீரைக் கிண்ணத்தில் வையுங்கள், துணியில் வேண்டாம்.

கரும்பட்டு:
அவர் துணியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

எட்டுக்கால்:
நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்றுதான் முந்திக்கொண்டேன். வாயால்தான் குடிக்கும். தோலால் இல்லை.