தஞ்சாவூர் ஓவியங்களை அருங்காட்சியகத்துக்கு உயில் எழுதி வைப்பது எப்படி?

வணக்கம். கும்பகோணத்தில் இருக்கும் என் அப்பாவுக்கு 81 வயது. தாத்தா காலத்துக்கும் முந்தைய 6 தஞ்சாவூர் ஓவியங்கள் அவரிடம் உள்ளன. தன் காலத்துக்குப் பிறகு அவை ஒரு அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும், கூடவே பராமரிப்புக்கு 5 லட்சமும் போக வேண்டும் என்கிறார். பலாப் பலகையில் ஒட்டிய துணி இரண்டு படங்களில் உப்பிவிட்டது; கிருஷ்ணர் படத்தில் தங்க ரேக்கு உரிகிறது. பணமில்லாமல் கொடுத்தால் கிடங்கிலேயே கிடந்து வீணாகிவிடும் என்று பயப்படுகிறார். எனக்கும் அதே பயம்தான்.

ஜனவரியில் ஒரு அருங்காட்சியகத்துக்கு எழுதினோம். ஓவியங்களை இப்போதே தந்தால் பார்க்கலாம், பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வழியில்லை என்றார்கள். இன்னொரு இடத்துக்கு மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. வக்கீல் இரண்டு சாட்சிகளோடு உயில் தயார் செய்துவிட்டார். ஆனால் அருங்காட்சியகம் வாங்க மறுத்தால் என்ன ஆகும் என்று கேட்டால் தயங்குகிறார். 100 வருடம் தாண்டியவை என்பதால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்த சான்றிதழ் கையில் இருக்கிறது. அப்புறம், வீட்டில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

ஓவியமும் பராமரிப்புப் பணமும் பிரியாமல் சேர்ந்தே போக உயிலில் எழுதினால் போதுமா, தனி அறக்கட்டளை வைக்க வேண்டுமா, இதைச் செய்து முடித்தவர்கள் எந்த வழியில் செய்தீர்கள்?