பிரதேச சபைப் பதவிக்காலம்: மனு எழுத உதவி வேண்டும்

வணக்கம் உறவுகளே. நாங்கள் இலங்கையின் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டம் ஒன்றின் இளைஞர்கள். ஊர்ப்புற உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபைக்குப் பதவிக்காலம் 4 வருடம். 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளை அமைச்சர் ஒரு வருடம் நீடித்தார். 2023 மார்ச்சில் அதுவும் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர்கள் இல்லாமல், சபைச் செயலாளர் என்ற அரச அதிகாரியின் நிர்வாகம்தான். லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) போகும் பாதையை மழை அறுத்துக்கொண்டு போனபோது போய்க் கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லை. பிள்ளைகள் சேற்றில் இறங்கித்தான் பள்ளிக்கூடம் போனார்கள்.

நீடிப்பும் வேண்டாம், வெற்றிடமும் வேண்டாம். பதவிக்காலம் 5 வருடம் என்றாலும் சரி, தேர்தல் திகதி மாறக்கூடாது. சபையில் கேட்டோம், மேலிடத்துக்கு எழுதச் சொன்னார்கள். எழுதினோம், பதில் இல்லை. இனி ஓர் எம்.பி. மூலம் பாராளுமன்றப் பொதுமனுக் குழுவுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

அப்படித் தமிழில் மனு கொடுத்தவர்கள் அதன் மாதிரியைப் பகிர முடியுமா?