எல்.கே.ஜி. பிள்ளைக்கு விலங்குகளின் வாழிடம்: வண்ணம் தீட்டினால் புரியுமா?

வேப்பம்பூ:
மகளுக்கு நாலரை வயது. பள்ளியில் இந்த மாதம் "விலங்குகளும் அவற்றின் வீடுகளும்" பாடம். பாடம் என்றால் தினம் ஒரு ஜெராக்ஸ் தாள். வண்ணம் தீட்டிக்கொண்டு போனால் ஒரு ஸ்டார். "காடு" என்ற தாளில் சிங்கம், புலி, ஒட்டகச்சிவிங்கி மூன்றும் ஒரே மரத்தடியில். "பனி" என்ற தாளில் பனிக்கரடியும் பென்குயினும் கைகோத்து நிற்கின்றன. கோட்டுக்கு வெளியே போகாமல் அழகாகத்தான் தீட்டினாள். படுக்கும்போது, "அம்மா, கரடிக்கும் பென்குயினுக்கும் ஒரே வீடா?" என்று கேட்டாள். தூக்கக் கலக்கத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். காலையில் அவள் அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதனால்தான் இந்தக் கேள்வி. இந்த வயதில் வண்ணம் தீட்டி வாழிடம் புரியுமா, இல்லை இது டீச்சருக்கு அரை மணி நேரம் மூச்சு விடக் கிடைக்கும் ஏற்பாடா? (மூச்சு விடக்கூடாது என்று சொல்லவில்லை.)

கண்மாய்க்கரை:
இரண்டாவதுதான். பனிக்கரடி வடதுருவத்துப் பக்கம், பென்குயின் பூமியின் தென்பாதி. இரண்டும் ஒன்றையொன்று கண்ணால் பார்த்ததில்லை. பென்குயினுக்குப் பனி கட்டாயம் என்பதும் தப்பு. கலாபகஸ் தீவுகளில் பூமத்திய ரேகையை ஒட்டி வெயிலில் வாழ்கிற பென்குயின் உண்டு. புலி ஆப்பிரிக்காவில் கிடையாது. ஆசியாவில் சிங்கம் மிஞ்சியிருப்பது குஜராத்தின் கிர் பகுதியில் மட்டும். அந்த மரத்தடிக் கூட்டம் எந்த ஊரில் நடந்தது என்று பள்ளியைக் கேளுங்கள்.

பத்து வருடமாகப் பிள்ளைகளைப் பறவை பார்க்கக் கூட்டிப் போகிறேன். ஒரு கண்மாயில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். முக்குளிப்பான் நடுத் தண்ணீரில் முங்கும். மடையான் ஓரத்துச் சேற்றில் அசையாமல் நிற்கும். நீர்க்காகம் கருவேல மரத்தில் இறக்கையை விரித்துக் காயவைக்கும். ஒரே கண்மாய்தான், ஆனால் ஆளுக்கு ஓர் இடம். இதை எந்தத் தாளில் காட்டுவீர்கள்? தாள் சொல்லித்தருவது ஒன்றே ஒன்றுதான்: கோட்டைத் தாண்டாதே.

பால்வாடி டீச்சர்:
தம்பி, உங்கள் கண்மாய்க்கு வருகிறவர்கள் எத்தனை வயது? என் மையத்தில் மூன்றும் நாலும். இருபத்திரண்டு பிள்ளைகள், நான், உதவியாளர் ஒருவர். அதில் நாலு பேருக்கு இன்னும் செருப்பு வலது இடது தெரியாது. இவர்களைக் கூட்டிக்கொண்டு தண்ணீர்க் கரைக்குப் போனால் பறவையைப் பார்ப்பேனா, பிள்ளையைப் பார்ப்பேனா?

வண்ணம் தீட்டும் நேரத்தில் என்ன நடக்கிறது என்று உங்களில் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில்லை போல. கை தாளில் இருக்கும், வாய் ஓயாது. "டீச்சர், எங்க வீட்டு எருமையும் இப்படித்தான் குட்டையில கிடக்கும்" என்று ஒன்று சொல்லும். "எருமைக்கு வியர்க்காதா?" என்று இன்னொன்று கேட்கும். என் பாடம் அங்கேதான் நடக்கிறது. வெறுமனே உட்காரவைத்து எருமை எங்கே வாழும் என்று கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். தாளில் தப்பு இருந்தால் தாளை மாற்றுங்கள், கிரேயானைப் பிடுங்காதீர்கள்.

கண்மாய்க்கரை:
டீச்சர், கோபம் வேண்டாம். நீங்கள் சொல்கிற பேச்சு நடந்தால் நல்லது. வேப்பம்பூ சொன்ன பள்ளியில் பேச்சு நடக்கவில்லை, ஸ்டார்தான் கொடுத்தார்கள். என் சண்டை அதோடு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாடத்தின் பெயரே எனக்கு இடிக்கிறது. "வீடுகள்" என்றால் என்ன? நாம் எல்லோரும் ஒப்பித்த பட்டியல்தானே: எலி வளை, கரையான் புற்று, ஆட்டுப்பட்டி, மாட்டுத்தொழுவம். இலக்கணத்துக்கு அழகு. அதையே வாழிடம் என்று பிள்ளைக்குச் சொன்னால் வில்லங்கம். பாம்பு புற்று கட்டுவதில்லை. கரையான் கட்டியதில் குடியேறுகிறது. கூடு குருவியின் வீடு என்கிறோம், அது தொட்டில்தான். முட்டையிட்டுக் குஞ்சு பறந்ததும் பெரும்பாலான பறவைகள் அதை விட்டுப் போய்விடும், ராத்திரி கிளையில்தான் தூங்கும். தூக்கணாங்குருவியின் வாழிடம் கூடு இல்லை. கூடு தொங்குகிற பனை, கீழே இருக்கிற கிணறு, கூடு பின்ன நார் கிழிக்கும் புல், தானியம் பொறுக்கும் வயல், எல்லாம் சேர்ந்ததுதான். தாளில் கூட்டை மட்டும் வரைந்து "இது குருவியின் வீடு" என்று எழுதினால், பனையை வெட்டினாலும் குருவிக்கு வீடு இருக்கும் என்று பிள்ளை நினைக்கும்.

நாலாம் பெஞ்ச்:
ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். கண்மாய்க்கரை கடைசியாகச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். அதற்காகத்தான் என் வகுப்பில் ஒரு மாற்றம் செய்தேன். விலங்கை நானே வரைந்து, வெட்டி, வெள்ளைத் தாளின் நடுவில் ஒட்டிக் கொடுத்துவிடுவேன். சுற்றி ஒன்றும் இருக்காது. பிள்ளைகள் வண்ணம் தீட்ட வேண்டியது விலங்குக்கு இல்லை, அது இருக்கும் இடத்துக்கு.

போன வருடம் வரையாடு கொடுத்தேன். நம் மாநில விலங்காயிற்றே, அதற்காகத்தான். முக்கால்வாசிப் பேர் பக்கத்தில் தென்னைமரமும் ஓட்டு வீடும் போட்டார்கள். ஆடு என்றால் அவர்களுக்கு அதுதான். திட்டவில்லை. கணக்குப் புத்தகத்தைச் செங்குத்தாகச் சாய்த்து, அதன் மேல் களிமண் ஆட்டை நிறுத்தச் சொன்னேன். விழுந்தது, விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. இந்த ஆடு இதைவிடச் செங்குத்தான பாறையில் நிற்கும், மேலே புல்மேடு, பள்ளத்தில் மட்டும் மரம், அதற்குச் சோலை என்று பெயர் என்றேன். அடுத்த தாளில் தென்னைமரம் போய்விட்டது. ஓட்டு வீடு மட்டும் ஒருத்தன் விடவில்லை. ஆடு ராத்திரி எங்கே போகும் என்று அவனுக்குக் கவலை.

கண்மாய்க்கரை:
அருமை. ஆனால் சார், இது வண்ணம் தீட்டுவது இல்லையே, படம் வரைவது. என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள்.

நாலாம் பெஞ்ச்:
எந்தக் கட்சிக்கும் வரவில்லை. நாலு வயதில் பாறை வரைய வராது. பாறையின் கோடு மட்டும் லேசாகப் போட்டுக் கொடுத்தால் தீட்டும். ஆறு வயதில் அந்தக் கோட்டையும் எடுத்துவிடலாம். வயதைப் பார்க்காமல் பேசுவதுதான் உங்கள் தொல்லை.

திணைமயக்கம்:
என் பெயருக்கேற்ற திரி. ஒரு நிலத்துக்கு உரியது இன்னொரு நிலத்தில் கலந்து வந்தால் திணைமயக்கம். பனிக்கரடியும் பென்குயினும் ஒரே தாளில் நிற்பது திணைமயக்கம்கூட இல்லை, திணைக்கலவரம்.

நிலத்தை முதற்பொருள் என்றும், அதில் இருக்கும் விலங்கையும் பறவையையும் மரத்தையும் கருப்பொருள் என்றும் நம் ஆட்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். மலையில் புலி, கரடி. காட்டில் மானும் முயலும். வயலில் எருமை, நீர்நாய். கடலில் சுறா. வறண்ட இடத்தில் செந்நாய். ஐந்து பெரிய தாள், ஐந்து நிலம். பனிக்கரடிக்கு இடமே இல்லை, பிரச்சினை தீர்ந்தது.

வேப்பம்பூ:
எல்.கே.ஜி.க்குத் தொல்காப்பியமா? சாமி, அவள் இன்னும் "ழ" சொல்லவில்லை.

திணைமயக்கம்:
குறிஞ்சி, முல்லை என்ற பெயரெல்லாம் வேண்டாம். மலை, காடு, வயல், கடல், பொட்டல். இவ்வளவுதான்.

கண்மாய்க்கரை:
திணை கவிதைக்கு, விலங்கியலுக்கு இல்லை. மயிலைக் குறிஞ்சியில் வைத்தார்கள். இன்று எங்கள் ஊர் நிலக்கடலை வயலில் கூட்டமாக மேய்கிறது, விவசாயி தலையில் கை வைத்து நிற்கிறார். யானை மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கி ஏறுகிறது, அதை எந்தத் தாளில் ஒட்டுவீர்கள்? பாலை என்பதே தனி நிலம் இல்லை, குறிஞ்சியும் முல்லையும் காய்ந்தால் பாலை. அந்த ஒரு கருத்து மட்டும் எனக்குப் பிடிக்கும். மழை இல்லாவிட்டால் இடமே வேறாகிவிடும் என்கிறது.

பால்வாடி டீச்சர்:
எல்லோரும் இடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நிறத்தை மறந்துவிட்டீர்கள். போன மாதம் வெட்டுக்கிளி கொடுத்தேன். பச்சை அடிக்கச் சொல்லவில்லை. "இதை நம் அறையில் ஒளித்துவைக்கணும், நான் கண்டுபிடிக்கக்கூடாது. எங்கே வைப்பீர்கள், என்ன நிறம் அடிப்பீர்கள்?" என்றேன். பாய்க்கு ஒருத்தி பழுப்பு அடித்தாள். ஒருவன் சிமெண்ட் தரைக்குச் சாம்பல் அடித்தான். இன்னொருவன் சிவப்பு அடித்துவிட்டுச் சத்துமாவு மூட்டைக்குப் பின்னால் போட்டான், அவனைத்தான் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அப்புறம் வாசலில் போய்ப் புல்லில் நிஜ வெட்டுக்கிளியைத் தேடினோம். உங்கள் கண்மாய் தேவைப்படவில்லை தம்பி, வாசல் போதும். கோட்டைத் தாண்டாமல் தீட்டினார்களா என்று நான் பார்க்கவும் இல்லை.

கண்மாய்க்கரை:
இது எனக்குத் தோன்றவில்லை டீச்சர், ஒத்துக்கொள்கிறேன். நிறத்தைப் பற்றி ஒன்று நானும் சொல்கிறேன். பழவேற்காட்டில் பூநாரை பார்த்துவிட்டு வந்த ஒரு பையன், தாளில் குஞ்சுக்குச் சாம்பல் நிறம் அடித்தான். பூநாரை ரோஜா நிறம் என்று பள்ளியில் அழித்துத் திருத்தியிருக்கிறார்கள். அவன் செய்ததுதான் சரி. இளம் பறவை சாம்பல்தான். தண்ணீரில் வடிகட்டித் தின்கிற பாசியிலும் சிறு இறாலிலும் உள்ள நிறமிதான் பிறகு அந்த ரோஜா நிறத்தைக் கொடுக்கிறது. நல்ல டீச்சர் கையில் கிரேயான் இருந்தால் சரி. ஆனால் நாட்டில் ஓடுவது ஜெராக்ஸ் மெஷின். அதனால் என் முதல் பதில் அப்படியே இருக்கட்டும்.

வேப்பம்பூ:
நேற்று ராத்திரி நாலாம் பெஞ்ச் சார் சொன்ன மாதிரி செய்து பார்த்தேன். எனக்கு வரைய வருவது பல்லி ஒன்றுதான். வெள்ளைத் தாளின் நடுவில் பல்லியை ஒட்டி, இது எங்கே இருக்கும் என்று கேட்டேன். மேலே நீளமாக ஒரு மஞ்சள் கட்டை போட்டாள். என்ன என்றால், டியூப்லைட்டாம். சுற்றிக் கறுப்புப் புள்ளிகள்.

கண்மாய்க்கரை:
சரியாகத்தான் போட்டிருக்கிறாள். பூச்சி அங்கேதானே வரும். பல்லிக்கு என்ன நிறம்?

வேப்பம்பூ:
அடிக்கவே இல்லை. சுவரும் வெள்ளை, பல்லியும் வெள்ளை, அப்போதுதான் பூச்சிக்குத் தெரியாது என்றாள்.

கண்மாய்க்கரை:
பாருங்கள், கிரேயான் தேவைப்படவே இல்லை.

பால்வாடி டீச்சர்:
டியூப்லைட்டை எதால் போட்டாளாம்?