தினமும் குலசேகரம் – நாகர்கோவில் பஸ்ஸுல போற பையனுக்கு எடை குறைஞ்ச லேப்டாப்பா, கேமிங் லேப்டாப்பா? இன்வெர்ட்டர் வேற கத்துது

குலசேகரத்துக்காரி

வணக்கம். எனக்க தம்பி இந்த வருஷம் சிவில் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கான். காலேஜ் நாகர்கோவில் பக்கம். ஹாஸ்டல் இல்ல, தினமும் பஸ். தக்கலையில மாறணும். காலையில ஏழு மணி வண்டியில உக்கார இடம் கிடைச்சா அன்னைக்கு அவனுக்கு நல்ல நாள்.

நான் வெளிநாட்டுல நர்ஸ், லீவுக்கு வந்திருக்கேன். இன்னும் பதினெட்டு நாள்ல திரும்பணும். அதுக்குள்ள அவனுக்கு லேப்டாப் வாங்கிக் குடுத்துட்டுப் போகணும். கையில 80,000 வரைக்கும் இருக்கு. வீட்டுல இப்ப கிடக்கிறது நான் பிளஸ் டூ முடிச்சப்ப கிடைச்ச அரசு லேப்டாப். பேட்டரி செத்து வருஷங்களாச்சு, ப்ளக்க ஊரினா அடுத்த நொடி இருட்டு. அம்மா இன்னும் அதை டவல் போட்டு மூடித்தான் வச்சிருக்கா, பூ ஒண்ணுதான் வைக்கல.

கடையில ரெண்டு காட்டினாங்க.

முதல்ல 14 இஞ்ச், 1.4 கிலோ. ரைசன் 5 யூ சீரிஸ் பிராசசர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 65 வாட் டைப்-சி சார்ஜர். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. 57,000.

அடுத்தது கேமிங். 15.6 இஞ்ச், ஆர்டிஎக்ஸ் 4050 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி அதே 512தான். 82,000 சொன்னாங்க, பேசினா குறையும்னு தோணுது.

கார்டு இல்லன்னா, பிளான் வரையுற ஆட்டோகேட் மென்பொருள் தொங்கிப் போயிரும்னு தம்பி சொல்லுகான். கூட்டுக்காரன்மார் எல்லாரும் கேமிங்தான் வாங்கினாங்களாம். சரி, பாத்துருவோம்னு திருவனந்தபுரம் டெக்னோபார்க்குல வேலை பாக்குற சித்தப்பா மகன்கிட்ட அவன் கேமிங் லேப்டாப்ப ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கினேன். ரப்பர் ஷீட் நிறுக்கிற தராசுல வச்சுப் பாத்தா லேப்டாப் 2.4 கிலோ, சார்ஜர் மட்டும் 650 கிராம். படம் வரையுற டிராஃப்டர், சோத்துப் பாத்திரம், தண்ணி பாட்டில் எல்லாம் சேத்தா பை ஏழரைக் கிலோ. மூணு நாள் சுமந்தான். நாலாவது நாள் லேப்டாப்ப வீட்டுலயே வச்சுட்டுப் போனான். கேட்டதுக்கு "இன்னைக்கு லேப் இல்ல"ன்னான்.

இன்னொரு தொல்லை. சாயங்காலம் கரண்டு போய் இன்வெர்ட்டர் ஓடும்போது இவன் கேம் போட்டா இன்வெர்ட்டர் 'கீ கீ'ன்னு கத்தி, ஓவர்லோடுன்னு சிவப்பு லைட் போடுது. சார்ஜர ஊரினா சத்தம் நிக்குது, ஆனா கேம் நத்தை மாதிரி ஆயிருது. இன்வெர்ட்டர்ல கோளாறா, லேப்டாப்புல கோளாறா? எதை வாங்கட்டும்?

மார்த்தாண்டம் கேமர்

கேமிங்கே வாங்குங்க அக்கா, கண்ண மூடிட்டு. ரேம் பிறகு கூட்டலாம், எஸ்எஸ்டி மாத்தலாம். லேப்டாப்புல கிராபிக்ஸ் கார்டு மட்டும் பிறகு போட முடியாது. நாலு வருஷம் ஓடணும்லா? எடை எல்லாம் பழகிரும். நான் 2.5 கிலோ தூக்கிட்டுத்தான் படிச்சேன், இப்பவும் உயிரோடதான் இருக்கேன்.

குலசேகரத்துக்காரி

நீங்க காலேஜுக்கு எதுல போனீங்க தம்பி?

மார்த்தாண்டம் கேமர்

பைக்குல. 😅

தக்கலை சர்வீஸ் பெஞ்ச்

தங்கச்சி, மொதல்ல இன்வெர்ட்டர் கதைய முடிச்சிருவோம். உங்க வீட்டுல உள்ளது 600 விஏ-வா இருக்கும். அது உண்மையில தாங்குறது 480 வாட் சுமார்னு வச்சுக்கிடுங்க. பழைய ஃபேன் ஒண்ணுக்கு 75 வாட், மூணு ஓடினா 225. டிவி 80. நாலு எல்இடி பல்பும் நெட் மோடமும் சேர்ந்து 45. ஆச்சா, 350. இது மேல கேமிங் லேப்டாப் கேம் ஓடும்போது சாதாரணமா 150, 180 இழுக்கும். கூட்டிப் பாருங்க, 500 தாண்டியாச்சு. இன்வெர்ட்டர் கத்தாம என்ன செய்யும். அது நல்லாத்தான் இருக்கு, அதுக்க வேலையத்தான் செய்யுது. டிவிய அணைச்சுட்டுப் போட்டுப் பாருங்க, சத்தம் வராது.

சார்ஜர ஊரினா கேம் மெதுவாகிறதும் கோளாறு இல்ல. கார்டு கேக்குற கரண்டை பேட்டரியால குடுக்க முடியாது, அதனால கம்பெனியே பேட்டரியில ஓடும்போது கார்டோட வேகத்த நல்லா குறைச்சு வச்சிருப்பான். எந்தக் கேமிங் லேப்டாப்பும் அப்படித்தான். செவுத்துல ப்ளக் இருந்தாத்தான் அது கேமிங் லேப்டாப், இல்லாட்டி கனமான சாதா லேப்டாப். 65 வாட் மெஷின்னா அதே இன்வெர்ட்டர்ல டிவியும் ஓடும், இவனும் படிக்கலாம்.

இனி எனக்க பெஞ்சுக்கு வாறத சொல்லுகேன். பஸ்ஸுல போற பிள்ளைகளுக்க லேப்டாப்புல மொதல்ல போறது கீல். கூட்டத்துல பைய நெஞ்சோட அணைச்சுப் பிடிப்பான், பின்னால நிக்கிறவன் சாய்வான், மூடி வளையும். பெரிய ஸ்கிரீனும் பிளாஸ்டிக் மூடியும்னா கீல் இருக்கிற மூலையில திருகு பிடிச்ச பிளாஸ்டிக் பேந்து வரும். போன மாசம் ஒரு பையன் கொண்டு வந்தான், மூடியத் திறந்தா ஸ்கிரீனும் சட்டமும் ரெண்டா பிரிஞ்சு நிக்கி. உள்ள ஃபேனக் கழத்தினா செம்புத் தகடுக்கு முன்னால தூசி கம்பளித் துணி மாதிரி படிஞ்சிருக்கு, நகத்தால உரிச்சு எடுத்தேன். அதையும் வச்சுக்கிட்டுத்தான் "அண்ணே, சூடாகுது, வைரஸா?"ன்னு கேக்கான்.

எடை குறைஞ்சது உடையாதுன்னு நான் சொல்லல. ஆனா அதுல தூசி அடைக்க ஃபேன் சின்னது, சூடும் கம்மி.

வாங்குறது எதுவானாலும் மூணு விஷயம். பேட்டரி சார்ஜ 80 சதவீதத்துல நிறுத்துற செட்டிங் கம்பெனிக்க ஆப்புல இருக்கும், மொத நாளே போட்டிருங்க. எப்பவும் ப்ளக்குலயே கிடந்து பேட்டரி உப்பி டச்பேட் மேல தள்ளி வந்தது எத்தனையோ பாத்தாச்சு. ரெண்டாவது, உங்க ஊரு மலையடிவாரம், ஐப்பசியில இடி எப்படின்னு நான் சொல்லாண்டாம். இடிக்குன்னா சார்ஜர மட்டும் ஊரினா போதாது, மோடத்துல இருந்து வாற லேன் வயரையும் ஊரணும். அந்த வயர் வழியா ஏறி போர்டு எரிஞ்சதுதான் அதிகம். மூணாவது, ரப்பர் ஷீட் புகை போடுற பக்கத்துல வைக்காதீங்க. சிரிக்காதீங்க, ஒருத்தர் வச்சிருந்தார். கீபோர்டத் தொட்டா கையில பிசுபிசுன்னு ஒட்டுச்சு.

கொளச்சல்

மழைக்காவது சீசன் இருக்கு அண்ணே. இங்க உப்புக்காத்து வருஷம் பூரா. ஜன்னல் பக்கம் வச்ச லேப்டாப்புல அடி திருகு துரு பிடிச்சுக் கழட்டவே வரல. குலசேகரத்துக்காரங்க குடுத்து வச்சவங்க.

சைட் இன்ஜினியர், தோவாளை

நான் சிவில் படிச்சு ஆறு வருஷமாகிறது. தம்பி சொன்ன ஆட்டோகேட் விஷயத்துக்கு மட்டும் பதில்.

முதல் வருஷம் இன்ஜினியரிங் கிராபிக்ஸ் பெரும்பாலும் தாளில்தான். அந்த டிராஃப்டர் அதற்குத்தான், லேப்டாப் அதில் எதுவும் செய்யாது. பிறகு வரும் ஆட்டோகேட் முக்கால்வாசி 2டி. பிளான், எலிவேஷன், செக்‌ஷன். இதற்கெல்லாம் இன்றைய ரைசன் 5-க்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் தாராளம். கட்டடத்தின் வலுவைக் கணக்கிடும் ஸ்டாட் ப்ரோ, ஈடாப்ஸ் இரண்டும் கணக்குப் போடுவது பிராசசரில். கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். கட்டடத்தை முப்பரிமாணத்தில் உருவாக்கும் ரெவிட்டுக்கு ரேமும், பிராசசரில் ஒரு கோரின் வேகமும்தான் முக்கியம். கல்லூரி ப்ராஜெக்ட் அளவுக்கு 16 ஜிபி போதும்.

கார்டு நிஜமாகத் தேவைப்படும் இடம் லூமியன், ட்வின்மோஷன் மாதிரி ரெண்டரிங் மென்பொருள்கள். வீட்டைச் சுற்றி மரம், கார், வெயில் எல்லாம் போட்டு வாக்-த்ரூ எடுப்பது. அதைச் சிவிலில் எத்தனை பேர் செய்கிறார்கள்? என் வகுப்பில் இரண்டு பேர். இரண்டு பேரும் கடைசி வருஷம் லேபில் செய்தார்கள்.

மேக்புக் பக்கம் யாராவது இழுத்தால் போகாதீர்கள். ரெவிட், ஸ்டாட் ப்ரோ, ஈடாப்ஸ் மூன்றும் விண்டோஸுக்கு மட்டும் உள்ளவை. ஆட்டோகேட், ரெவிட் இரண்டுக்கும் மாணவர்களுக்கு இலவச அனுமதி உண்டு, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கடைக்காரர் "எல்லாம் போட்டுத் தருகிறேன்" என்று திருட்டு காப்பி ஏற்ற வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதோடு சேர்ந்து என்னென்ன ஏறும் என்று யாருக்கும் தெரியாது.

கார்டுக்குப் போகும் பணத்தை ஸ்கிரீனில் பாருங்கள். 16:10 விகிதத் திரை உயரம் கொஞ்சம் கூட, பிளான் வரையும்போது அந்த ஒரு விரல் உயரம் தெரியும். வெளிச்சம் 300 நிட்ஸுக்குக் குறைய வேண்டாம். விலை குறைந்த கேமிங் மாடல்கள் பலவற்றில் நிறங்களைக் குறைவாகக் காட்டும் 45 சதவீத என்டிஎஸ்சி திரைதான் வரும், சிவப்பு செங்கல் நிறத்தில் தெரியும்.

மார்த்தாண்டம் கேமர்

ஸ்கிரீன் விஷயத்துல இன்ஜினியர் சொன்னது சரிதான், எனக்க லேப்டாப்பும் அந்த வகைதான். இன்னொண்ணும் சொல்லிருகேன், பிறகு எனக்கு மனசு கேக்காது. ஆர்டிஎக்ஸ் 4050-ன்னு ஸ்டிக்கர் ஒட்டினா எல்லாம் ஒண்ணு இல்ல. அதே கார்டுக்கு 35 வாட்டுல இருந்து 115 வாட் வரைக்கும் குடுக்கலாம், எவ்வளவு குடுக்கணும்ங்கிறத லேப்டாப் கம்பெனிதான் முடிவு பண்ணும். வாட் குறைஞ்சதை வாங்கினா பேரு மட்டும்தான் பெருசு. அந்த வாட் அளவுக்குப் பேரு டிஜிபி. கடையில 'டிஜிபி எத்தனை வாட்'னு கேளுங்க. முழிச்சாங்கன்னா இறங்கி வந்துருங்க.

எனக்க ஓட்டு இன்னும் கேமிங்குக்குத்தான், பையனுக்கும் ஆசை இருக்கும்லா. கேமிங் எடுத்தா டைப்-சி வழியாவும் சார்ஜ் ஏறுற மாடலா பாருங்க. காலேஜுக்குச் சின்ன சார்ஜர் கொண்டு போலாம், செங்கல் மாதிரி உள்ள பெரிய சார்ஜர் வீட்டுலயே கிடக்கட்டும்.

அந்தத் தம்பி

அக்கா இங்க எழுதினது இப்பத்தான் தெரியும். பூ வைக்கிற கதை வரைக்கும் எழுதியிருக்கா.

நாலாவது நாள் லேப் இருந்துச்சு. தக்கலையில நின்னுட்டே போற வண்டியில தோள் ரெண்டும் போச்சு, அதான் கொண்டு போகல. இன்னொண்ணு, கிளாஸ்ல அறுபது பேருக்கு ப்ளக் ரெண்டோ மூணோதான் இருக்கு, அதுவும் கடைசி பெஞ்ச் பக்கம். மதியத்துக்கு மேல பேட்டரி சிவப்பாயிருது.

நான் விளையாடுறது வேலரண்ட். அது கார்டு இல்லாம ஓடுமா? அதை மட்டும் சொல்லுங்க. ஆட்டோகேட் விஷயம் நான் சொன்னதில்ல, கூட்டுக்காரன் சொன்னது.

தக்கலை சர்வீஸ் பெஞ்ச்

வா மக்களே, உன்னையத்தான் தேடினேன். வேலரண்ட் லேசான கேம், செட்டிங்க குறைச்சு வச்சா கார்டு இல்லாமலே தாராளமா ஓடும். ஆனா ஒரு கண்டிஷன். ரேம் ரெண்டு சேனல்ல ஓடணும். உள்ள இருக்கிற கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேம்லதான் பங்கு எடுக்கும். 16 ஜிபி-ய ஒரே குச்சியா போட்டிருந்தா வேகம் நல்லா அடி வாங்கும், 8-உம் 8-உமா இருந்தா வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். போர்டோட ஒட்டின ரேம்னாலும் பரவாயில்ல, ரெண்டு சேனலான்னு மட்டும் கேளு. பெரிய புதுக் கேம் எல்லாம் இதுல ஓடாது, அதையும் இப்பவே தெரிஞ்சுக்கோ. பிறகு என்னைத் திட்டாத.

அந்தத் தம்பி

செரி அண்ணே. அப்ப மிச்சத்துக்கு அக்கா மானிட்டர் வாங்கித் தருவாளா?

குலசேகரத்துக்காரி

மிச்சம்னு யாரு சொன்னது?

*(ஒன்பது நாள் கழித்து)*

குலசேகரத்துக்காரி

வாங்கியாச்சு. கடையில முதல்ல காட்டின 14 இஞ்ச் இல்ல, அதுல ரேம் ஒரே குச்சி. இன்னொரு கடையில 16:10 திரையோட, 1.45 கிலோ, ரேம் ரெண்டு சேனல், 61,500. டிஜிபி எத்தனை வாட்னு ரெண்டு கடையிலயும் சும்மா கேட்டுப் பாத்தேன். ஒரு இடத்துல "டிவிடியா?"ன்னாங்க.

மூடின பெட்டிய நம்ம முன்னால பிரிக்கச் சொல்லி, வெள்ளைத் திரை போட்டுச் செத்த புள்ளி இருக்கான்னு பாத்தோம். டாஸ்க் மேனேஜர்ல ரேம் பாத்தோம். பில்லுல சீரியல் நம்பர் எழுதாம தந்தாங்க, திருப்பிக் குடுத்து எழுத வாங்கினேன். அதுக்குள்ள பஸ் போச்சு. வடசேரியில ஒரு மணி நேரம் நின்னோம். இவன் முகத்துல அன்னைக்குக் கொஞ்சம் வாட்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் பஸ்ஸுல இருந்து "நின்னுட்டேதான் போறேன், தோள் வலிக்கல"ன்னு மெசேஜ் வந்துச்சு.

கரண்டு போனப்ப டிவி, மூணு ஃபேன், இவன் வேலரண்ட், எல்லாம் ஒண்ணா ஓடிச்சு. இன்வெர்ட்டர் வாயே திறக்கல.

மானிட்டர் வாங்கல. முதல் செமஸ்டர் மார்க் பாத்துட்டு அங்கிருந்து பணம் அனுப்புறேன்னு சொல்லியிருக்கேன். அம்மா பழைய லேப்டாப்ப இன்னும் டவல் போட்டு மூடித்தான் வச்சிருக்கா.

இப்ப பேச்சிப்பாறைப் பக்கம் வானம் கறுத்து இடிக்கு. ப்ளக்க ஊரியாச்சான்னு கீழ இருந்து கத்தினேன். "ஊரியாச்சு"ன்னான். லேன் வயரு? சத்தத்தக் காணோம். மாடிக்குப் போறேன்.