திருகோணமலைக்கு ஏஐ டேட்டா சென்டர் வேணுமோ?

கொட்டியாரத்தான்:
ஏஐ ஆராய்ச்சிக்கு இஞ்ச ஒரு டேட்டா சென்டர், அதாவது கனக்கக் கம்ப்யூட்டர் ஓடுற கட்டடம், வந்தா பெடியளுக்கு நல்லம் எண்டு நிலாவெளித் தம்பி நேற்று எழுதியிருந்தார். இஞ்ச பக்கத்தில சம்பூர்ல 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் எண்டு வந்த நேரமும் அபிவிருத்திக் கதைதான் சொன்னவை, சனம் எதிர்த்து வழக்குப் போட்டு 2016லதான் அது நிண்டது. ஜிபிடி-3 எண்ட ஏஐ மாடலை ட்ரெயின் பண்ண, அதாவது எழுத்துகளைக் குடுத்துப் பழக்க, கிட்டத்தட்ட 13 லட்சம் யூனிட் கரண்ட், 552 டன் கார்பன் எண்டு 2021ல கணக்குப் போட்டிருக்கினம், அதுவும் கடைசியா ஓடின ஒரு ரன்னுக்கு மட்டும், அதுக்கு முதல் சரிவராம விட்டதெல்லாம் ஆர் எண்ணினது?

நிலாவெளிப் பெடியன்:
அண்ணை, அதே சைஸ்ல புளூம் எண்ட மாடலை 2022ல பிரான்சில ட்ரெயின் பண்ணினவை, 4.33 லட்சம் யூனிட், கார்பன் 25 டன்தான், ஏனெண்டா அங்க கூடுதலா அணு மின்சாரம். எந்தக் கரண்டில ஓடுது எண்டு பாருங்கோ. சம்பூர்லயே இப்ப 120 மெகாவாட் சோலாருக்கு 2025ல வேலை தொடங்கியாச்சே.

கொட்டியாரத்தான்:
ட்ரெயினிங் இரவு பகலா வாரக்கணக்கில ஓடுமடா தம்பி, பொழுதுபட்டா சோலார் எங்க? நுரைச்சோலை மின் நிலையத்தில நிலக்கரியைத்தான் கூடுதலா எரிக்கவேணும். நாங்க வேண்டாம் எண்டு கலைச்ச சாம்பலை அந்தச் சனத்தின்ர முற்றத்தில கொட்டுறது நியாயமோ?

மூதூர் டீச்சர்:
தண்ணியை ரெண்டு பேரும் மறந்திட்டீங்க. கம்ப்யூட்டருகளின்ர சூட்டைக் குறைக்கக் கூலிங் டவர்ல போற தண்ணி ஆவியாப் போயிடும், திரும்பி வராது. டவுனுக்குக் குடிக்கவே கந்தளாய்க் குளத்துத் தண்ணிதான், வயல்காரருக்கும் அதுதான்.

நிலாவெளிப் பெடியன்:
டீச்சர், பின்லாந்தில ஹமினா எண்ட இடத்தில கூகுள் கடல் தண்ணியாலதான் குளிராக்குது. எங்களுக்குக் கடல் இல்லையோ?

மூதூர் டீச்சர்:
அது பால்டிக் கடல், குளிர்ந்து கிடக்கிறது. எங்கட கடல் வருசம் முழுக்க வெதுவெதுப்பு, அதை இன்னும் சூடாக்கித் திருப்பி விடுவினம். சம்பூருக்கும் அந்தச் சுடுதண்ணியைச் சொல்லித்தானே மீன்பிடிக்கிற ஆக்கள் பயந்தவை, கொட்டியாரக் குடாவில மீன் அத்துப்போனா ஆர் பொறுப்பு?

நிலாவெளிப் பெடியன்:
கூகுளின்ர ஏஐ ஜெமினில ஒரு சாதாரண கேள்விக்கு 0.24 வாட் மணி, 0.26 மில்லி லீற்றர் தண்ணி எண்டு 2025ல கூகுள் சொல்லியிருக்கு. சொட்டுக் கணக்கு. பயந்து ஒதுங்கினா தமிழுக்கான மாடலையும் வேற ஆக்கள்தான் செய்வினம், நாங்க வாடகை கட்டுவம்.

கொட்டியாரத்தான்:
ஒரு கேள்விக்குச் சொட்டுத்தான், கோடிக்கணக்கில கேட்டா? அதே கூகுள்தான் 2019ஐ விட 2023ல தன்ர கார்பன் வெளியேற்றம் 48 வீதம் கூடிட்டுது எண்டும் சொன்னது. தமிழ் மாடல் செய்யுங்கோ, நான் மறிக்கேல்லை, ஆனா ரிசல்ட் போடுற டேபிள்ல எத்தனை யூனிட் எரிச்சது எண்டும் ஒரு வரி போடுங்கோ.

நிலாவெளிப் பெடியன்:
அது போடுவம் அண்ணை. டேட்டா சென்டர் வேண்டாம் எண்டதுக்கு மட்டும் நான் வரமாட்டன்.