கோகன் வேலையைத் துறந்தாரா, வேலை போயிற்றா?

செங்காவி: பிரெஞ்சு ஓவியர் பால் கோகனைப் "பிழைக்கத் தெரியாத தரகர்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். பாரிஸ் பங்குச்சந்தையில் கைநிறையச் சம்பாதித்த மனிதர், மனைவி மக்கள் இருந்தும், 1883-இல் ஓவியத்துக்காக அந்த வேலையைத் துறந்தார். அதை மதிக்கத் தெரியாதவர்கள் அவருடைய ஓவியங்களைப் பற்றியும் பேசாதிருப்பது நல்லது.

கரிக்கோல்: அந்த "ஒருவர்" நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 1882 ஜனவரியில் யூனியன் ஜெனரால் வங்கி திவாலாகி, பாரிஸ் பங்குச்சந்தையே சரிந்து, தரகர்களின் வருமானம் வற்றிய பிறகுதான் கோகன் வெளியே வந்தார். இடிந்த வீட்டைவிட்டு ஓடிவந்தவரைத் துறவி என்பீர்களா? அவர் துறக்கவில்லை, வேலை போயிற்று.

நீர்வண்ணம்: வேலை போனதால்தான் தூரிகையைத் தொட்டார் என்பதுபோல் எழுதுகிறீர்கள். 1876-இலேயே அவருடைய நிலக்காட்சி ஒன்று பாரிஸின் அரசு ஓவியக் கண்காட்சியான சலோனில் இடம்பெற்றுவிட்டது.

கரிக்கோல்: எப்போது வரையத் தொடங்கினார் என்று நான் கேட்கவே இல்லை. துறந்தவர், 1884-இன் இறுதியில் மனைவி மெட்டேயின் ஊரான கோபன்ஹேகனுக்குப் போய், டேனிஷ் மொழியும் தெரியாமல், தார்ப்பாய் விற்கும் முகவராக ஏன் அலைந்தார்? மெட்டே பிரெஞ்சுப் பாடம் சொல்லிக்கொடுத்துத்தான் அந்தக் குடும்பத்தில் அடுப்பு எரிந்தது. வேலை போயிற்று ஐயா.

செங்காவி: தார்ப்பாயைப் பிடித்துத் தொங்குபவருக்கு 1888-இல் வரைந்த 'உபதேசத்துக்குப் பின் தோன்றிய காட்சி' எப்படித் தெரியும்? தரை முழுவதையும் நிழலே இல்லாத சிவப்பால் நிரப்பி, வெள்ளைத் தலையணி தரித்த, பிரான்சின் பிரித்தானிப் பகுதியைச் சேர்ந்த பிரெட்டன் பெண்கள் ஒருபுறமும் தேவதையோடு மற்போரிடும் பைபிளின் யாக்கோபு மறுபுறமும் இருக்க, நடுவே ஒரு மரத்தைக் குறுக்காகச் சாய்த்துவைத்த துணிச்சல், மாதச் சம்பளத்தை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு வருமா? துறந்ததால் வந்தது.

கரிக்கோல்: அந்தத் துணிச்சலில் பாதி எமில் பெர்னாருடையது. தட்டையான வண்ணத்தைக் கருங்கோட்டால் கட்டும் முறையில், அதே கோடையில், கோகன் இருந்த அதே பாந்த்-ஆவென் ஊரில், 20 வயதுப் பையனான அவரும் பிரெட்டன் பெண்களை வரைந்திருந்தார். பெயர் கோகனுக்குப் போய்விட்டது என்ற கசப்பு பெர்னாருக்குக் கடைசிவரை தீரவில்லை.

நீர்வண்ணம்: இருவருமே ஜப்பானிய அச்சுப்படங்களைப் பார்த்தவர்கள், பெர்னாருக்கு மட்டும் வக்காலத்து எதற்கு? வான்கோவின் காதைப் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் எல்லாரும் களைத்துப்போகும்வரை எழுதினீர்கள்.

கரிக்கோல்: அங்கும் நான் சொன்னதுதான் சரி.

பாக்குமரம்: பசிபிக் தீவான தஹிதியில் பதின்பருவச் சிறுமிகளை மனைவியாக வைத்துக்கொண்டவரின் துறவைப் பற்றி இவ்வளவு நேரமாகப் பேசுகிறோம். அதை ஒருவரும் தொடமாட்டீர்களா? போகட்டும், பிரெஞ்சு ஒலிப்புப்படி பெயர் 'கோகேன்' என்றல்லவா வரவேண்டும்?

செங்காவி: 'கோகேன்' என்று எழுதினால் போதைப்பொருள் தடுப்புக்காரர்கள் வந்துவிடுவார்கள். கோகன் போதும்.

கரிக்கோல்: பேச்சை மாற்றவேண்டாம். பணத்தைத் துறந்த அந்தப் பெரியவர் 1891 பிப்ரவரியில் தம் ஓவியங்களை ஏலம் விட்டு, அந்தக் காசில்தான் தஹிதிக்குக் கப்பலேறினார். 1901-இல் அங்கிருந்தும் கிளம்பி மார்க்கேசாஸ் தீவுகளுக்குப் போனார். ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாதது அவர் சுபாவம். அதற்குத் துறவு என்று பெயரிடவேண்டாம்.

செங்காவி: கரடுமுரடான சாக்குத்துணியில் ஏறத்தாழ நான்கு மீட்டர் அகலத்துக்கு 'நாம் எங்கிருந்து வருகிறோம்' ஓவியத்தை வரைந்தவருக்கு ஏலக்கணக்கு எழுதுகிறீர்கள். துறந்தார். துறந்தார்.

கரிக்கோல்: நல்ல துணி வாங்கக் காசில்லாததால்தான் சாக்கு. 1883-இல் வேலை போனதன் தொடர்ச்சிதான் அதுவும். மகன் கிளோவிஸோடு 1885-இல் பாரிஸ் திரும்பிச் சுவரொட்டி ஒட்டிய கதையை நாளை விரிவாக எழுதுகிறேன்.

நீர்வண்ணம்: நாளையுமா?